பழைய குழுப்படங்களும் எழுதப்படாத பெயர்களும்

சரித்திரம் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் அரசாங்க அறிக்கைகளுமே நம் நினைவில் எழுகின்றன. அவை பெரும்பாலும் அரசரையும் அறிஞரையும் அதிகாரிகளையும் பற்றிப் பேசுவன. எளிய மக்களின் சரித்திரத்துக்குச் சான்று எங்கே என்று தேடுவோர் தத்தம் வீட்டுச் சுவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாற் போதும். கண்ணாடிச் சட்டத்துள் மங்கிக்கொண்டிருக்கும் குழுப்படமும் ஒரு சாசனமே. கலியாணத்தன்று எடுத்தது, பள்ளிக்கூடத்துப் பிரியாவிடையின்போது எடுத்தது, மாற்றலாகிப் போகும் உத்தியோகத்தரை நடுவில் இருத்தி எடுத்தது, சங்கத்து நிர்வாக சபையார் கதிரைகளில் அமர்ந்து எடுத்தது என இத்தகைய படங்கள் இல்லாத தமிழர் வீடு அரிது.

ஆனால் இச்சாசனத்தை நாம் படிக்கும் முறை மிகவும் சுருங்கியது. படத்தைக் கையில் எடுத்தவுடன் நம் கண் நமக்குரிய ஒருவரைத் தேடுகின்றது. “இதோ எங்கள் பேரன்” என்கிறோம். அத்துடன் படத்தை வைத்துவிடுகிறோம். அவர் பக்கத்தில் நிற்பவர் யார்? முன்வரிசையில் நிலத்தில் இருப்பவர் எவர்? கதவோரத்தில் பாதி உருவமாகத் தெரிபவர் யாருடைய பிள்ளை? இவற்றை எவரும் கேட்பதில்லை. கேட்கும் வயது நமக்கு வரும்போது, விடை சொல்ல வல்லவர் இருப்பதில்லை.

குழுப்படத்தில் நாம் பாராது விடுபவை எவ்வளவு பேசக்கூடியன என்பதைத் தக்க உதாரணங்களாலே காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நம் அங்கத்தவர் அனைவரும் அறிந்த ஒரு குடும்பத்தின் படங்களையே எடுத்துக்கொள்வோம். பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரையும் அவர்தம் அடியார்களையும் காட்டும் பழைய படங்களே அவை. இராமகிருஷ்ண மடத்து வெளியீடுகளில் அவற்றை எவரும் கண்டு, இங்கே கூறுவனவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒளியும் கண்ணாடியும்

பிரான்ஸ் தேசத்தில் டாகுவேர் என்பவரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839 ஆம் ஆண்டில். 1851 இல் இங்கிலாந்தில் ஆர்ச்சர் என்பவர் கண்ணாடித் தகட்டில் ஈரமான மருந்தைப் பூசிப் படம் எடுக்கும் வழியைக் கண்டார். அத்தகடு உலருமுன்னே படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். ஆதலாற் படம் பிடிப்பவர் இருட்டறையையும் கூடவே சுமந்து திரிய நேர்ந்தது. 1871 இல் மடொக்ஸ் என்னும் வைத்தியர் உலர்ந்த தகட்டுக்கு வழி காட்டினார். அதன் பின்னரே, கடையில் வாங்கிய தகட்டைப் பெட்டியில் இட்டு எங்கேனும் சென்று, மரநிழலிலும் வீட்டு முற்றத்திலும் பலரை நிறுத்திப் படம் எடுப்பது எளிதாயிற்று. குழுப்படம் பெருகியதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

பழைய படங்களில் எவரும் சிரிப்பதில்லை. அக்காலத்து மக்கள் கடுமையானவர்கள் என்று இளைஞர் சிலர் எண்ணுவதுண்டு. அவ்வாறன்று. தொடக்க காலத்தில் ஒளி பதியப் பல விநாடிகள் சென்றன. அத்தனை நேரமும் அசையாதிருத்தல் வேண்டும். புன்னகையை அவ்வளவு நேரம் நிலைநிறுத்துதல் இயலாது. தலையைப் பின்புறமிருந்து தாங்கும் இரும்புப் பிடிகளும் படசாலைகளில் இருந்தன. பின்னர்த் தகடு விரைவுபெற்ற போதும், படத்துக்கு நிற்பது ஒரு சடங்கு என்ற எண்ணம் மாறவில்லை. ஆகவே இறுகிய முகம் அக்கருவியின் சரித்திரத்தையும் ஒருவாறு சொல்கின்றது.

பகவானும் ஒருமுறை இக்கருவியின் தொழிற்பாட்டை நேரிற் கண்டு வியந்தார். 1881 டிசெம்பர் 10 ஆம் திகதி கல்கத்தா ராதாபசாரில் இருந்த பெங்கால் போட்டோகிராபர்ஸ் என்னும் படசாலைக்கு அவரை அழைத்துச் சென்றனர். வெறுங் கண்ணாடியில் உருவம் நில்லாது. மருந்து பூசிய கண்ணாடியிலேயே நிலைத்து நிற்கும் என்பதை அங்கு அறிந்தார். அதுபோலவே பக்தி பூசப்பெறாத உள்ளத்திலே கேட்ட நல்லுரை தங்குவதில்லை என்று பின்னர் அன்பருக்கு எடுத்துரைத்தார். அன்று எடுத்த படத்தில் அவர் ஒரு சிறு தூணின்மேற் கையை ஊன்றி நிற்கின்றார். தட்சிணேசுவரத்து ஆலயத்தில் அத்தகைய தூண் இல்லை. அது படசாலைக்காரர் வருவோர்க்கெல்லாம் கொடுத்த தளவாடம். நம் வீட்டுப் படங்களில் பேரனார் பக்கத்தில் நிற்கும் பூச்சாடி மேசையும், பின்னே தோன்றும் மாளிகைத் திரைச்சீலையும் இவ்வாறே. அவற்றைக் கொண்டு அவர் செல்வரென்று முடிவு செய்தல் தவறாகும்.

தாங்கியவரும் தகட்டில் இல்லாதவரும்

பகவான் உயிரோடிருந்த காலத்தில் அவரை எடுத்த படங்கள் மூன்றே. அவற்றுள் முதலாவது 1879 செப்டெம்பர் 21 ஆம் திகதி கேசவசந்திர சேனர் இல்லத்தில் எடுக்கப்பட்டது. பகவான் சமாதி நிலையில் ஒரு கையை உயர்த்தி நிற்கின்றார். பிரம்ம சமாஜத்து அன்பர்கள் சூழ இருக்கின்றனர். காண்போர் அனைவர் கண்ணும் அத்திருமுகத்திலேயே நின்றுவிடும். ஆனால் சமாதியில் உடலுணர்வு இழந்த ஒருவர் எவ்வாறு தாமாக நிற்றல் கூடும்? படத்தை மீண்டும் பாருங்கள். பின்னால் ஒருவர் அவரை விழாது தாங்கி நிற்கின்றார். அவர் ஹிருதயர், பகவானுக்கு மருமகன் முறையானவர், ஆண்டுகள் பல அவருக்குப் பணிவிடை செய்தவர். 1881 இல் தட்சிணேசுவர ஆலயத்திலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். அவரிடத்துக் குறைகளும் பல இருந்தன என்று நூல்கள் கூறும். ஆயினும் அன்று அவர் கை இல்லையேல் அப்படம் இல்லை.

இரண்டாவது உதாரணம் துயரமானது. 1886 ஆகஸ்ட் 16 ஆம் திகதி காசிப்பூர்த் தோட்டவீட்டில் பகவான் மகாசமாதியடைந்தார். அன்று, மலர் சூட்டிய கட்டிலின் பின்னே அடியார் திரண்டு நிற்க ஒரு குழுப்படம் எடுக்கப்பட்டது. படம் எடுக்குமாறு சொல்லி, அதற்கெனப் பத்து ரூபா கொடுத்தவர் வைத்தியர் மகேந்திரலால் சர்க்கார். இவர் 1876 இல் கல்கத்தாவில் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தைத் தாபித்தவர். பின்னாளில் சர் சி. வி. இராமன் ஆராய்ச்சி செய்த இடம் அதுவே. எதனையும் ஐயுற்று ஆராயும் விஞ்ஞானி ஒருவர், தம் கண்ணெதிரே ஒரு சரித்திரம் கழிந்துபோவதை உணர்ந்து அதனைத் தகட்டில் நிறுத்த முயன்றார். அப்பத்து ரூபாவுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அப்படத்தில் நரேந்திரர் உட்படப் பிற்காலத்தில் உலகறிந்த முகங்கள் பல உள. ஆயின் ஒரு பெண்முகமும் இல்லை. அக்காசிப்பூர் வீட்டிலேயே தங்கி, நோயுற்றிருந்த பகவானுக்கு உணவு சமைத்துக் கொடுத்தவர் அன்னை சாரதாதேவியார். அவர் அப்போது அவ்வீட்டிலேயே இருந்தார்; படத்தில் இல்லை. அக்காலத்து வழக்கம் அவரைத் திரைக்குள் வைத்தது. 1853 இல் பிறந்த அன்னையாரை முதன்முதலாகப் படம் எடுத்தது 1898 ஆம் ஆண்டில், திருமதி ஓலே புல் என்னும் அமெரிக்க அம்மையாரின் வேண்டுகோளின்படி. அன்று எடுத்தவற்றுள் ஒன்றில் சகோதரி நிவேதிதை எதிரே அமர்ந்திருக்கின்றார். அன்னையாருக்கு அப்போது வயது நாற்பத்துநான்கு.

ஆகவே குழுப்படத்தைக் காணும்போது இருப்பவரை எண்ணுவதோடு நில்லாது, இல்லாதவரையும் எண்ணுதல் வேண்டும். பந்தலின் கீழ் ஆடவர் முப்பதுபேர் நிற்கும் கலியாணப் படத்திலே, விடியப்புறம் தொடங்கிச் சமையல் செய்த பெண்கள் எங்கே என்ற கேள்வி நம் ஊர்ப் படங்களுக்கும் உரியதே.

வராகநகர் மடத்துப் படம்

இனி இக்கட்டுரையின் முக்கியமான படத்துக்கு வருவோம். பகவான் மறைந்த பின் இளந்துறவியர் தங்குதற்கு இடமின்றி இருந்தனர். சுரேந்திரநாத மித்திரர் என்னும் இல்லறத்து அன்பர் பொருள் உதவ, கல்கத்தாவுக்கு வடக்கே வராகநகரில் ஒரு பாழ்வீடு வாடகைக்குப் பெறப்பட்டது. 1887 ஜனவரி மாதத்தில் அவ்விளைஞர் விரஜா ஹோமம் வளர்த்துத் துறவு பூண்டனர். அதே மாதம் 30 ஆம் திகதி அம்மடத்தில் ஒரு குழுப்படம் எடுத்தனர்.

அப்படத்தில் உள்ளோர் பன்னிருவர். எண்மர் நிற்கின்றனர்; நால்வர் இருக்கின்றனர். வழக்கிலுள்ள குறிப்பின்படி நிற்போர், இடமிருந்து வலமாக, சுவாமிகள் சிவானந்தர், இராமகிருஷ்ணானந்தர், விவேகானந்தர், ஒரு சமையற்காரர், தேவேந்திரநாத மஜும்தார், மகேந்திரநாத குப்தர், சுவாமி திரிகுணாதீதானந்தர், எச். முஸ்தாபி என்போர். இருப்போர் சுவாமி நிரஞ்சனானந்தர், சுவாமி சாரதானந்தர், ஹுட்கோ கோபால், சுவாமி அபேதானந்தர் என்போர்.

இப்பட்டியலை ஒருமுறை வாசித்து விட்டுவிடலாகாது. சற்றுப் பொறுமையாக நோக்கினால் அது நமக்குப் பலவற்றைக் கற்பிக்கும்.

முதலாவது, இடம். நம் சங்கப் படங்களில் தலைவர் நடுக்கதிரையில் இருப்பார். காரியதரிசியும் தனாதிகாரியும் இருமருங்கும் இருப்பர். வராகநகர்ப் படத்தில் அவ்வொழுங்கு இல்லை. அனைவரும் தலைவராக ஏற்றுக்கொண்ட நரேந்திரர் இருக்கவில்லை, நிற்கின்றார். நடுவிலும் இல்லை, மூன்றாவது ஆளாக நிற்கின்றார்.

இரண்டாவது, பெயர். படத்தின் கீழ் ‘விவேகானந்தர்’ என்று நாம் வாசிக்கிறோம். ஆனால் 1887 இல் அப்பெயரால் அவரை எவரும் அழைத்திலர். வேறு துறவுப் பெயர்களோடு பாரதமெங்கும் திரிந்த பின்னர், 1893 இல் சிக்காகோ நகருக்குப் புறப்படும் காலத்திலேயே கேத்ரி மன்னர் விருப்பப்படி அப்பெயர் நிலைபெற்றது. ஆகவே இக்குறிப்பு படம் எடுத்த அன்று எழுதப்பட்டதன்று. ஆண்டுகள் சென்றபின் எழுதப்பட்டது. படம் ஒரு காலத்துச் சான்று. அதன் கீழுள்ள எழுத்து வேறொரு காலத்துச் சான்று. இரண்டையும் ஒன்றாகக் கொள்வது சரித்திர மாணவர் செய்யத் தகாதது.

மூன்றாவது, ஓரம். இடப்பக்க ஓரத்தில் நிற்பவர் சுவாமி சிவானந்தர். இலங்கை வாசகர் பலர் அவரைக் கடந்து விவேகானந்தரிடமே செல்வர். ஆனால் நம் நாட்டுக்கு அவர் செய்தது பெரிது. விவேகானந்தர் 1897 ஜனவரி 15 ஆம் திகதி கொழும்பில் இறங்கி, கண்டி, அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் வந்து, இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிப் பேசிச் சென்றார். அவர் பணித்தபடி அதே ஆண்டில் சிவானந்தர் இலங்கைக்கு வந்து கொழும்பில் வேதாந்தம் போதித்தார். சிவானந்தருக்கு அடுத்து நிற்கும் இராமகிருஷ்ணானந்தரும் அவ்வாண்டிலேயே சென்னைக்கு வந்து மடத்தைத் தாபித்தார். ஆகப் படத்தில் இடப்புறம் நிற்கும் மூவரும் சரியாகப் பத்தாண்டுகளின் பின், ஒரே ஆண்டில், தமிழ் மக்களை நாடி வந்தவர்கள். பின்னர் மடத்தின் தலைவரான சிவானந்தரிடமே 1924 இல் நம் காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் துறவு பெற்றார். கல்லடி உப்போடையில் அடிகள் 1929 இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயம் அக்குருநாதர் பெயரையே தாங்குகின்றது. ஒரு படத்தின் ஓரத்தில் நிற்கும் இளைஞருக்கும் மட்டக்களப்பு மாணவர் ஒருவரின் சட்டைப் பையில் உள்ள பாடசாலைச் சின்னத்துக்கும் இடையில் இத்துணைத் தொடர்பு!

நான்காவது, அச்சமையற்காரர்.

பன்னிருவருள் பெயரின்றி நிற்பவர் அவர் ஒருவரே. குறிப்பிலே வங்காள மொழியில் ‘ராந்துனி’ என்று மாத்திரம் உளது. சமைப்பவர் என்பது அதன் பொருள். அவர் நிற்பது விவேகானந்தருக்கும் தேவேந்திரநாதருக்கும் இடையில். உலகம் முழுவதும் புகழ்பெற்ற ஒருவருக்குப் பக்கத்தில் நின்றும் அவருக்குப் பெயர் இல்லை.

அவர் பணி இலேசானதன்று. அம்மடத்தின் வறுமை பிரசித்தமானது. வெளியே செல்வோர் உடுத்துதற்கென்று பொதுவாக ஓர் ஆடை வைத்திருந்தனர். சோறும், உப்பும், அவித்த கோவையிலையும் உண்டு கழித்த நாட்கள் பல. நம் வேலியோரங்களிற் படரும் அதே கோவைதான். சில நாட்களில் உப்பும் கிடைத்திலது. அத்தகைய அடுப்பைக் காத்தவர் பெயரை நாம் அறியோம். ஆனால் அம்மடத்துச் சமையற்காரர் பெற்ற சம்பளத்தை அறிவோம். மாதம் ஆறு ரூபா. வீட்டு வாடகையும் வரியும் பதினொரு ரூபா; சமையற்காரப் பிராமணருக்கு ஆறு ரூபா; எஞ்சியது பருப்புக்கும் சோற்றுக்கும் என்று கணக்கு எழுதப்பட்டிருக்கின்றது.

அக்கணக்கை எழுதியவர் யார்? பகவானின் உரைகளை ‘கதாமிருதம்’ என்ற நூலாக உலகுக்கு அளித்த மகேந்திரநாத குப்தர். அதே படத்தில், சமையற்காரருக்கு அடுத்தவருக்கு அடுத்தவராக நிற்பவர் அவர். பள்ளித் தலைமையாசிரியர், நாள், திதி, இருந்தோர் பெயர், விளக்கின் ஒளி, கங்கையின் நீர்ப்பெருக்கு ஆகிய எல்லாவற்றையும் பிசகாது குறிக்கும் நுண்ணிய மனிதர். அத்தகையவரும் அவ்விடத்திற் சம்பளத்தைக் குறித்தார், பெயரைக் குறித்திலர்.

இதில் இன்னொரு நயமும் உண்டு. 1902 முதல் 1932 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த அந்நூலில் மகேந்திரநாதர் தம் பெயரைத் தாமே மறைத்து ‘ம’ என்ற ஓரெழுத்தால் நின்றார். புகழை வேண்டாது பெயரை மறைப்பது துறவு. அவ்வாறு மறைத்தும் அவர் பெயரை உலகம் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. சமையற்காரர் தம் பெயரை மறைக்கவில்லை, அது கேட்கப்படவில்லை. இவ்விரண்டும் ஒன்றாகா.

இதனைக் கூறுவது அப்பெரியோரைக் குறை காண்பதற்கன்று. படம் எடுத்த அன்று அவர்கள் அச்சமையற்காரரை அடுக்களையில் நிறுத்திவிடவில்லை. தம்மோடு வரிசையில், தம் தலைவர் அருகிலே நிறுத்தினர். அது அம்மடத்தின் உள்ளத்தைக் காட்டுகின்றது. வெயிலும் தகடும் பன்னிருவரையும் ஒரே அளவாகவே பதித்தன. வேற்றுமை நேர்ந்தது பெயர் எழுதும்போதுதான். குழுப்படங்களைப் பற்றி நாம் அறியவேண்டிய முதல் உண்மை இதுவே: கருவி எவரையும் விலக்குவதில்லை, எழுதுகோலே விலக்குகின்றது.

பிழையாக எழுதிய பெயரும், பிழையாகக் கண்ட முகமும்

எழுதாமல் விடுவது போலவே பிழையாக எழுதுவதும் உண்டு. 1893 இல் சிக்காகோ சர்வசமய மகாசபையில் கீழைத்தேயத்தார் ஐவரைக் காட்டும் படம் ஒன்று உளது. விவேகானந்தரோடு நம் இலங்கையின் அநகாரிக தர்மபாலரும் சமண சமயத்து வீர்சந்த் காந்தியும் அதில் உள்ளனர். மற்றை இருவருள் ஒருவர் நரசிம்மாச்சாரியார். அப்பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் ‘நரசிம்ம சைரா’ என்பதுபோல் எழுதிவிட்டார். அப்பெயரைத் தேடும் மாணவர் எந்த ஊரிலும் அவரைக் காணார்.

மேலும், 1897 இல் சென்னையில் எடுத்த குழுப்படத்தில், நம்மவர் நடுவே ஒரு வெள்ளைக்காரர் முகம் தெரிகின்றது. யாரோ ஒரு துரை, விருந்தாளியாக வந்திருக்கிறார் என்று பலரும் கருதிவிடுவர். அவர் கூட்வின் என்னும் ஆங்கில இளைஞர். 1895 இல் நியூயோர்க்கில் விவேகானந்தரின் பேச்சுக்களைச் சுருக்கெழுத்தில் எழுதக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர். பின்னர் சீடராகிக் கூடவே வந்தவர். இன்று நாம் வாசிக்கும் சுவாமிகளின் சொற்பொழிவுகளிற் பெரும்பகுதி அவர் கைப்பட எழுதப்பட்டதனாலேயே எஞ்சியது. 1898 இல் உதகமண்டலத்தில், முப்பது வயது நிரம்புமுன்னே காலமானார். உடையையும் நிறத்தையும் கொண்டு எசமானன் யார், ஏவலன் யார் என்று தீர்மானிப்போர் இப்படத்தின் முன் தோற்றுப்போவர்.

நம் வீட்டுப் படங்கள்

மேற்கூறியவற்றை மனத்திற் கொண்டு நம் வீட்டு அலுமாரியைத் திறப்போம். அங்கே உள்ள படத்தில் முதலில் நாம் நோக்க வேண்டியது நடுக்கதிரையை அன்று; ஓரங்களை. தூணோரம் நிற்கும் பையன், மாட்டைப் பிடித்திருப்பவர், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் பெண், காவற்காரர், வண்டிக்காரர் ஆகியோர் அங்கேதான் இருப்பர். அடுத்துக் கால்களை நோக்குக. எவர் சப்பாத்து அணிந்தார், எவர் வெறுங்காலோடு நிற்கிறார் என்பது தெரியும். தலைகளை நோக்குக. தந்தைக்குக் குடுமியும் மகனுக்குக் கத்தரித்த தலையுமாக இருந்தால், இரண்டு தலைமுறைக்கு இடையே ஏற்பட்ட மாற்றம் ஒரே படத்தில் அடங்கிவிட்டது. வேட்டியின் மேல் கோட்டு, கோட்டுப்பையில் மணிக்கூட்டுச் சங்கிலி, நெற்றியில் திருநீறு என்பன ஒருவர் எவ்வுலகங்களில் ஒருங்கே வாழ்ந்தார் என்பதைச் சொல்லும். பின்னணியில் யாழ்ப்பாணத்துப் புகையிரத நிலையம் தெரிந்தால், அங்கே புகையிரதம் ஓடத்தொடங்கிய 1902 ஆம் ஆண்டையொட்டியோ அதன் பின்னரோ படம் எடுக்கப்பட்டது என்று துணியலாம்.

பள்ளிக்கூடப் படங்களில் இன்னொன்றையும் அஞ்சாது நோக்கவேண்டும். வாங்கில் இருப்பவர் யார், நிலத்தில் இருப்பவர் யார்? சிறியவரை முன்னே நிலத்தில் இருத்துவது உயரம் கருதிய ஒழுங்காகலாம். ஆனால் எல்லாம் உயரம் கருதியன அல்ல. 1929 ஆம் ஆண்டளவில் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டும் என்று விதித்தபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. யாழ்ப்பாண வாலிப காங்கிரசார் சம ஆசனத்துக்காக நின்றனர் என்பது நம் இளைஞர் பெருமையோடு நினைக்கத்தக்கது. அக்காலத்துக்கு முந்திய வகுப்புப் படம் ஒன்று கிடைத்தால், அதில் நிலத்தில் இருக்கும் பிள்ளையின் பெயரை முதலிற் கேட்பது நம் கடமை. அவன் பெயரே எழுதப்படாது போயிருக்கும்.

இக்கடமைக்குக் காலம் குறுகிவிட்டது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது கையில் எடுத்தவை உடுபுடைவையும் உறுதியும் சிறிதளவு அரிசியுமே. சுவரில் இருந்த படங்கள் சுவரோடு நின்றன. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி எழுந்த கடல், கீழ்க்கரை வீடுகளின் பெட்டிகளையும் கொண்டு சென்றது. அவற்றுக்கெல்லாம் தப்பிய படங்கள் இன்று நம்மிடமும், கடல்கடந்து சென்ற நம் உறவினரிடமும் சிதறிக் கிடக்கின்றன. முகங்கள் தப்பின, அம்முகங்களுக்குரிய பெயர்கள் முதியோர் சிலரின் நினைவில் மாத்திரமே உள்ளன. அம்முதியோருக்குப் பின் அவையும் இல்லை.

செய்யத்தக்கவை

ஆகவே நம் சங்கத்து இளைஞர் இவ்வாண்டில் ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு மெல்லிய கடதாசியும் பென்சிலும் பொறுமையும் போதும்.

படத்தின்மேல் மெல்லிய கடதாசியை விரித்து, அழுத்தாமல், தலைகளின் உருவரையை மாத்திரம் வரைந்துகொள்க. ஒவ்வொரு தலைக்கும் ஓர் இலக்கம் இடுக. ஓரத்திற் பாதி தெரிபவருக்கும் இலக்கம் இடுக, பிள்ளைக்கும் இடுக, வேலைக்காரருக்கும் இடுக. பின்னர் அப்பு, ஆச்சி, பெரியையா, மாமி என முதியோரிடம் சென்று கேட்டெழுதுக. பலரையும் ஒன்றாக இருத்திக் கேட்பதிலும் தனித்தனியே கேட்பது நன்று. ஒருவர் சொன்னதை மற்றவர் வழிமொழியாமல் இருப்பர். இருவர் இரு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதி, சொன்னவர் யார் என்பதையும் குறிக்க. பெயரோடு ஊர், உறவு, செய்த தொழில் என்பனவும் வேண்டும். பெண்களை ‘இன்னாரின் மனைவி’ என்று எழுதி விடாது அவர்தம் பெயரையே கேட்டெழுதுக. எழுதிய நாளையும் இடுக. வராகநகர்ப் படம் நமக்குக் கற்பித்தது அது.

படத்தின் முதுகில் மைப்பேனாவால் எழுதுதல் ஆகாது. மை ஊறி முகத்திலே தோன்றும். மெல்லிய பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதலாம். முதுகிலுள்ள படசாலையின் முத்திரையை எவ்வகையிலும் மறைக்கற்க. ஊரையும் காலத்தையும் அறிதற்கு அதுவே உதவும். சட்டத்துக்குள் அடங்காதென்று படத்தின் ஓரத்தை வெட்டுதலும் தகாது. அவ்வாறு வெட்டும்போது முதலில் வெட்டுண்பவர் ஓரத்தில் நிற்கும் அந்த எளியவரே. கைத்தொலைபேசியிற் படத்தைப் பிரதி எடுத்துக்கொள்வோர் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுத்துக்கொள்க.

முதியோர்க்கும் ஒரு விண்ணப்பம். பேரப்பிள்ளைகள் வந்து கேட்கும்வரை காத்திராதீர்கள். படத்தை நீங்களே எடுத்து வைத்துச் சொல்லுங்கள். சொல்ல விரும்பாத செய்திகளும் சில படங்களில் இருக்கும். அவற்றைச் சொல்லாமல் விடுவது உங்கள் உரிமை. ஆனால் பெயரை விட்டுவிடாதீர்கள்.

எல்லா உயிரிலும் இறைவன் உறைகின்றான் என்பது நம் சமயத்தின் அடிப்படை. அதனை மேடைகளிற் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒரு பழைய படத்தின் ஓரத்தில் நிற்கும் பெயர் தெரியாத ஒருவரின் பெயரைத் தேடிச் சென்று கேட்டு எழுதுவது, அக்கொள்கையை நாம் உண்மையாகவே கொண்டிருக்கிறோம் என்பதற்கு ஒரு சிறு அடையாளமாகும். அடுத்த ஆண்டு மலருக்கு நம் நிர்வாக சபையார் வழமைபோற் படம் எடுக்கும்போது, கூட்டத்துக்குக் கதிரை அடுக்கியவரையும் தேநீர் வார்த்தவரையும் அழைத்து வரிசையில் நிறுத்துக. அச்சிடும்போது, மற்றையோர் பெயர் எவ்வெழுத்தில் வருகின்றதோ அவ்வெழுத்திலேயே அவர்தம் பெயரையும் இடுக.